இரண்டு இன்ச்

ஷார்ஜா, பத்தாவது இண்டஸ்ட்ரியல் ஏரியா.
கதவும் ஜன்னலும்தான் செய்வோம் என்றேன்.
"நாற்காலி," என்றார் டாக்டர் நிஸ்ரீன்,
"உட்காரப்போகிறவன் வண்டியில் இருக்கிறான்."

ஐந்து மாதம். மஞ்சள் லாப்ரடார். பெயர் டர்போ.
பின்காலிரண்டையும் முயல்போல் சேர்த்துத்
தத்தித் தத்தி வந்தவன்
நாலாம் தத்தலில் மரத்தூளில் சரிந்தான்.
வால் மட்டும் ஓயவில்லை.

தின்றது வயிற்றுக்கு இறங்காதாம்.
நிமிர்த்தி வைத்து ஊட்டி
இருபது நிமிடம் அப்படியே இருத்த வேண்டுமாம்.
தொண்டைக் குழாயும் தசைதானே.
குளிரும் ஆகாது.
ஆகஸ்டில் ஏசி போடாத வீடு ஒன்று
இந்த ஊரில் இருக்கிறது இப்போது.

அப்பன் ஹங்கேரியில் பரிசு வாங்கியவன்.
ஐந்து தலைமுறைக்குப் பேர் எழுதிய பத்திரம்
பிளாஸ்டிக் உறையில்.
அப்பனும் ஆத்தாளும் ஆளுக்குப் பாதி
வைத்திருந்தார்களாம்,
தெரியாமல், நன்றாக ஓடிக்கொண்டே.
பத்திரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

திருப்பிக் கொடுத்தால் வேறு குட்டி தருகிறேன்
என்றானாம் விற்றவன்.
வீட்டுக்காரர் பதிலே அனுப்பவில்லை.

டேப்பை நெஞ்சில் சுற்றினேன்.
நாற்பத்தாறு. எழுதிக்கொண்டேன்.
தொடையில் சுற்றினேன்.
இறுக்க இறுக்க உள்ளே போனது,
எலும்பு வரைக்கும்.
அதை எழுதவில்லை.

"வளருகிற வயசு,
இரண்டு இன்ச் கூடுதலாக விடவா?"
டாக்டர் கீழே பார்த்தார்.
டர்போ என் செருப்பை மோந்துகொண்டிருந்தான்.
"விடுங்கள்."

விட்டேன்.
யாரோ வேண்டாமென்ற தேக்குக் கதவின் மிச்சம்.
தாடை படும் விளிம்புக்கு மட்டும்
மூன்று தரம் உப்புத்தாள் போட்டேன்.