கீழ்க்கட்டில், பர்வானியா

பார்சல் பிரியாணி டப்பாவைக் கழுவி,
அடியில் ஊசியால் ஓட்டை போட்டு,
மண்ணை மைக்ரோவேவில் வேகவைத்தேன்.
"இன்னைக்கு என்ன குழம்பு?" என்றான்
மேல்கட்டில் மகிபாலன்.

உறைமேல் லத்தீனில் பெயர்,
பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் மாதிரி நீளம்.
உள்ளே இருபது விதை.
தும்மலை அடக்கிக்கொண்டு
ஈரப் பல்குச்சியால்
ஒவ்வொன்றாய் ஒற்றி வைத்தேன்.

வெளியே நாற்பத்தொன்பது டிகிரி.
பாலைவனத்துச் செடிக்கும்
ஏசி வேண்டியிருக்கிறது.

பதினோராம் நாள் ஒரு பச்சைக் கடுகு.
அந்த வாரத்திலேயே ஏழு.
அதில் ஒன்று
விதைத்தோலைத் தொப்பியாய் மாட்டிக்கொண்டு
கழற்றத் தெரியாமல் நின்றது.
ட்வீசரை எடுத்தேன்.
தொப்பியோடு தலையும் வந்துவிட்டது.
கடுகளவு சாவு.
லீவு கேட்க முடியுமா, சோறு இறங்கவில்லை என்று
யாரிடமாவது சொல்லத்தான் முடியுமா?

"எப்போ பூக்கும்?"
பத்து வருஷம் ஆகலாம் என்றேன்.
மகிபாலன் சிரிக்கவில்லை.
விரல் மடக்கி எண்ணினான்:
"அஞ்சு தடவை இக்காமா அடிக்கணும்."

சீக்கிரம் வளரும் முள்தண்டில் ஒட்டுக்கட்டினால்
இரண்டே வருஷத்தில் பூ.
தெரியும். பிளேடுகூட வாங்கி வைத்திருக்கிறேன்.
இன்னும் உறை பிரிக்கவில்லை.

நேற்று நைட் ஷிப்ட் முடிந்து வந்தால்
டப்பாமேல் சம்பளச் சீட்டின் பின்பக்கம்,
அவன் கோணல் கையெழுத்து:

மூடி ரொம்ப வேர்த்திருந்தது.
ஒரு நூல் திறந்து வைத்திருக்கிறேன்.
உள்ளே தொடவில்லை.