மூன்றாம் சுற்று

மாங்குளம் ரியூசன் கொட்டிலில்
கரம்போட்டைக் கவிழ்த்து வைத்தால்
அது சனியின் நிலவு.
சோடா மூடிகள் எதிரிகள்.
இருபது முகப் பகடையில்
கூடப் போட்டவர் முதலில் அசையலாம்.
ஒரு சுற்று ஆறு செக்கன்.
மறைப்புக்குப் பின்னால் நின்றால் நாலு கூட்டு.

"நாலு காணாது" என்றாள் நிதுர்ஷிகா.
"மண்மூட்டை எண்டால்?"
கபிலாஷ் புத்தகத்தைப் புரட்டினான்.
"உலோகம்தான் போட்டிருக்கு."

அவள் இன்னும் ஒருதரமும் சுடவில்லை.
தன் முறை வரும்போதெல்லாம்
விழுந்துகிடந்த யசிந்தனின் விமானியை
ஒவ்வொரு கட்டமாக இழுத்தாள்.

"நான் செத்திட்டன், விடு.
உயிர்ப்புள்ளி பூச்சியம்"
என்றான் யசிந்தன், கச்சான் உடைத்தபடி.

"தெரியும்."
உருட்டினாள். இரண்டு.
அரைக் கட்டமும் நகராது.

அடுத்தது எதிரிகளின் முறை.
கபிலாஷ் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு
மூடிகளையே பார்த்திருந்தான்.

"இவங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்" என்றான்.
"இழு."