நாலாம் தரம்

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
சைமன்ராஜின் ரப்பர் கடையில்
ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பது என் வேலை.
தேன்நிறம் ஒரே சீராய் ஊடுருவி வந்தால் ஒன்று.
குமிழ் இருந்தால் இரண்டு, மிஞ்சினால் மூன்று.
பட்டைத் துணுக்கு, பூஞ்சை, புகை அதிகம் குடித்த கறுப்பு
நாலு.
அதற்கும் கீழே உள்ளதைத் தூக்குவதில்லை,
அப்படியே தராசில் எறிவேன்.

ராத்திரி இதே வேலை காதுக்கு.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து.
பனி என்று நான் கண்டது
மார்கழி விடியலில் பேச்சிப்பாறைத் தண்ணீர்மேல்
கொஞ்ச நேரம் கிடக்கும் வெள்ளை மட்டும்தான்.
ஆனாலும் ஒரு கிட்டார் குளிர்கிறதா இல்லையா என்று
பத்து நொடியில் சொல்லிவிடுவேன்.

அஸ்க்ரேவ், மூன்றாவது ஆல்பம்.
இரட்டைக்கால் டிரம், அடிக்கு அடி ஒரே அளவு,
ரோலரில் விழுந்த வரிகள் மாதிரி.
சிங்காரி மேளக்காரன் ரெஜிகுமாரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.
இந்த வேகத்தில் அடிக்க முடியுமா?
"முடியும். எதுக்கு மக்கா?" என்றான்.
குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை அந்த ஒலிப்பதிவில்.
கேட்டு முடித்துப் பல் தேய்த்துவிட்டுத்
தூங்கிவிட்டேன்.

கைவோலாம்பி.
பேஸ் கிட்டார் எங்கே போனது?
"இருக்குலேய், ஒழுங்கா கேளு" என்கிறான் அஜின்லால்.
நாலு ராத்திரி ஒழுங்காகக் கேட்டேன்.
என் அறை ஆஸ்பெஸ்டாஸ், சுற்றிலும் வெறும் சிமெண்ட்.
அடித்தது எல்லாம் திரும்பி வந்து அடித்தது.
பேஸ் மட்டும் வரவில்லை.
மூன்று என்று நோட்டில் எழுதினேன்.

பிறகு ஸ்கார்வ்மோர்க், முதல் டெமோ.
ஏதோ நிலவறை, ஒற்றை மைக்.
கிட்டாரா அது,
தகரக் கூரையில் இடவப்பாதி மழை.
அலறுகிறவன் அடுத்த அறையில் இருக்கிறான்,
இல்லை, ஒரு மலை தள்ளி.
நாலு நிமிஷம் பன்னிரண்டாவது நொடியில்
கதவொன்று திறக்கிறது,
யாரோ இருமுகிறார்கள்,
யாரும் வாசிப்பை நிறுத்தவில்லை.

பதினெட்டு வருஷம் கழித்து
அதையே கழுவி, துடைத்து, மறுபடி விட்டார்கள்.
கதவும் இல்லை இருமலும் இல்லை.
எந்தக் கம்பியில் எந்த விரல் என்றுகூடத் தெரிந்தது.
பழையதற்கு ஒன்று. புதியதற்கு நாலு.
பேனா கிழியுமளவு அழுத்தி எழுதினேன்.

புதன்கிழமை பொன்மனையிலிருந்து புஷ்பலீலா வந்தாள்,
ஸ்கூட்டியில் இருபத்திரண்டு ஷீட்.
மரத்துக்கு மழைக்காப்பு கட்டவில்லை போல,
பட்டை ஊறி வழிந்து சிரட்டையில் இறங்கியிருக்கிறது.
தூக்கிப் பார்த்தேன்.
துணுக்குகள், நடுவில் ஈசல் சிறகு ஒன்று,
முழுசாக, நரம்பு தெரிய.
"நாலு" என்றேன்.
கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய் குறையும்.
"பால் அதே பால்தானே. மழை வந்து விழுந்ததுக்கு நான் என்ன செய்ய?
எதைப் பாத்து நாலுன்னு சொல்லுதீங்க?"

வெளிச்சத்தைப் பாத்து,
என்று சொன்ன வாய்
சாயங்காலம் வரை கசந்தது.
சைமன்ராஜின் கணக்கில் ஒரு எண்ணைத் திருத்த
எனக்குத் தைரியம் கிடையாது.
சிறகு இருந்த அந்த ஒரு ஷீட்டை மட்டும்
என் காசில், ஒன்றாம் நம்பர் விலைக்கு எடுத்தேன்.
அவளிடம் சொல்லவில்லை.
சொன்னால் மிச்சம் இருபத்தொன்றைக் கேட்பாள்,
கேட்டால் நியாயம்தான்.

எங்கே வைப்பது என்று தெரியாமல்
ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன்.
அறை முழுக்கப் புகையும் ஆசிட்டும் நாறியது.
தூக்கம் வராமல் கையில் கிடைத்ததைப் போட்டேன்.
கைவோலாம்பி.

சுவர் இந்த முறை ஒன்றையும் திருப்பித் தரவில்லை.
கீழே, வெகு கீழே,
கனமாக ஒன்று நடந்துகொண்டிருந்தது.

அஜின்லாலுக்கு போன் போட்டேன், ராத்திரி ஒன்றே முக்கால்.
"இருக்குலேய்" என்றேன்.
"எது?" என்றான் தூக்கத்தில்.