நாற்பத்து மூன்றுக்கு மேல்

இஸ்ஸதீனின் சூத்திரம்
பஸ் ரிக்கற்றின் பின்புறத்தில் அடங்கும்.
பாண் விலையில் தேங்காய் விலை எத்தனை வீதமோ
அதில் பாதி,
அதோடு கரண்ட் நின்ற நாட்களைக் கூட்டு.
நாற்பத்து மூன்றுக்கு மேல் வந்தால்
இருக்கிற சனாதிபதி வீட்டுக்கு.

ஏன் பாதி என்று கேட்டேன்.
"பாதி எடுத்தால்தான் சரிவருகுது."

எட்டுத் தேர்தலுக்கும் சரிவந்திருந்தது.
வராமல்?
பிடிபட்ட மீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
அதன் அளவுக்குக் கண்ணி பின்னினால்
எந்த மீன் தப்பும்.

நான் துறைமுகத்தில் கடல்மட்டம் பதிகிறவள்.
என்னிடமும் ஒரு அட்டவணை இருக்கிறது,
அடுத்த வருசத்து வெள்ளிக்கிழமைகளுக்கும்
தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்று சொல்லும்.
திருகோணமலையில் கடல் ஏறுவதே ஒரு முழம்தான்.
வாடை அடித்தால்
அதிலும் நாலு விரல் பிசகும்.
இத்தனைக்கும் நிலவு
அட்டவணையை வாசித்துவிட்டு
மனம் மாறுகிறதில்லை.

தேர்தலுக்கு முந்திய கிழமை
உட்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடையில்
இஸ்ஸதீன் எழும்பி நின்று சொன்னார்:
அறுபத்து நாலு.
மதிலில் ஒட்டியிருந்த முகங்களை
மான்கள் பசைக்காக நக்கிக்கொண்டு நின்றன,
கட்சி பாராமல்,
கோதுமை மா எங்கே தடிப்போ அங்கே.
அதையும் ஒருவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்து மண்டபத்தில்
இடாப்பில் என் பெயரை உரத்து வாசித்து
அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார்கள்.
அதற்கு மேலே அண்ணாவின் பெயர்.
கோடு இல்லாமல்.
முப்பது வருசமாக வீட்டுக்கு வராதவருக்கு
இன்னும் ஒரு வாக்கு இருக்கிறது.
சின்ன விரலில் மை காயவில்லை.
மேசையிலிருந்து பெட்டி மறைப்பு ஏழு அடி.
அந்த ஏழு அடியில்
யோசித்து வைத்திருந்தவரை விட்டுவிட்டு
வேறொருவருக்குப் போட்டேன்.
அன்று தேங்காய் என்ன விலை என்று
எனக்குத் தெரியாது.

தபால் வாக்கு வந்தது, தொகுதிகள் வந்தன.
இருந்தவர் வீட்டுக்குப் போனார்.

பந்துசேன எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கினான்.
முகாமைத்துவப் பிரிவிலிருந்து ஒருவர்
மகளின் ஏ.எல். பெறுபேறு கேட்டு வந்தார்.
மாகாணசபை எப்போது என்று கேட்டார்கள்,
மழை எப்போது என்றும்.
இஸ்ஸதீன் ரோல்ஸைக் கடிக்கவில்லை.
கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு இறங்குதுறைக்கு வந்தார்.
நான் அளவுகோலைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை
பேசாமல் நின்றார்.
பிறகு, தண்ணீரிடம் சொல்வதுபோல:

"மனிசியின்ட கொப்பியில இருந்துதான் விலை எடுத்தன்.
நூற்றி நாற்பது எண்டு போட்டிருந்திச்சு.
அது ரெண்டு தேங்காய்க்கு."

பாண் நூற்றி இருபது.
கரண்ட் நின்றது ஆறு நாள்.
மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்,
ஒரு தேங்காய்க்கு முப்பத்தைந்துதான் வருகிறது.
இருந்தவர் இருந்திருக்க வேண்டும்.

ஒரு படகு போனது. அலை வந்து
என் வாசிப்பைக் கொஞ்சம் குழப்பிவிட்டு அடங்கியது.

"பிழையோட வச்சிருந்தா ஒன்பதுக்கு ஒன்பது.
திருத்தினா ஒன்பதுக்கு எட்டு.
நீங்க எண்டா எதை வைப்பீங்க?"

அண்ணாவின் பெயரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
அதை எந்த வீதத்தில் பாதி எடுப்பார்,
எந்த நாளோடு கூட்டுவார்.
தெரியாது என்றேன்.
அது உண்மை என்பதால் சொல்லச் சுலபமாக இருந்தது.

கிண்ணியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார்.

திங்கட்கிழமை வந்தபோது முகம் தெளிந்திருந்தது.
கொப்பியில் ஒரு புதுப் பத்தி கீறியிருந்தார்.
எல்லாத் தேர்தலுக்கும் பின்னோக்கி நிரப்பி,
ஒன்பதுக்கு ஒன்பது,
ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.
தலைப்பு மட்டும் பென்சிலில்:

வீட்டில் ஒரே தடவையில்
எத்தனை தேங்காய் வாங்குகிறார்கள்.