நீலக் கட்டம்

பெட்டி ஸ்காபரோவிலிருந்து வந்தது.
ஆயிரத்து இருநூறு கேள்விகள், ஆறு நிறம்.
காய்களில் ஒன்று வரும் வழியிலேயே துலைந்துவிட்டது.
அதற்குப் பதில்
இவர் வேலைத்தலத்திலிருந்து கொண்டுவந்த
பழைய லிப்ட் பொத்தான் ஓடும்,
3 என்ற இலக்கம் பாதி தேய்ந்தபடி.

டிசம்பர் இருபத்தேழு, வெள்ளவத்தை.
நாலாம் மாடியில் பதினான்கு பேர், இரண்டு மின்விசிறி,
கட்லட் முடிந்து தட்டில் தூள் மட்டும்.
என் அண்ணன்மார் இருவரும்
ரீப்போவைச் சுற்றிச் சப்பாணி கொட்டி இருக்கிறார்கள்,
முழங்கால் நோவைக் காட்டிக்கொள்ளாமல்.

கேள்வி வாசிப்பது நான்.
எப்பவும் நான்தான்.
ஆங்கிலத்தில் கிடப்பதைத் தமிழாக்கி,
கீழ்வீட்டு நிலந்திக்காவுக்காகச் சிங்களத்திலும் ஒருமுறை சொல்லி,
விடை அட்டையின் முதுகில் இருக்க
முகத்தைச் சுவராக்கி.

அரை மணிக்கு ஒருக்கால் கரையோர ரயில் போகும்.
யன்னல் நடுங்கும், ரீப்போ நடுங்கும்,
காய்கள் அரை விரல் நகரும்.
"என்ர காய் நீலத்தில நிண்டது!"
"ஆர் சொன்னது? மஞ்சள்!"
பாணந்துறைக்குப் போகிற ரயில்
தீர்ப்புச் சொல்லாமல் போய்விடும்.

போன வருசமும் முந்தின வருசமும் வென்றது அண்ணாமார்.
பெரியவர் பாலம் கட்டுகிறவர்,
சின்னவர் லண்டனில் கணக்குப் பார்க்கிறவர்.
போன வருசம் மொங்கோலியா வந்தபோது
இவர் "பீக்கிங்கோ?" என்று கேட்டார்.
பெரிய சிரிப்பொன்றும் இல்லை.
சின்ன அண்ணா மட்டும் சொன்னார்:
"குகபாலன் மேலையும் கீழையும்தான் போவார்,
பக்கவாட்டில போய்ப் பழக்கமில்லை."
நானும் சிரித்தேன்.
அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஓகஸ்டில் ஒருநாள் அட்டைகளில் சவர்க்கார மணம்.
குளியலறை யன்னல் கட்டில்
நீல அட்டைகள் நாற்பது, ஓரம் ஈரத்தில் சுருண்டு.
கேட்கவில்லை.
அடுத்த நாள் கதவோடு காதை வைத்தேன்.
தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள்ளே
ஒரு மனிதர் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி
தலைநகரங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
வாகடூகு. திம்பு. மொண்டிவிடியோ.
திம்பு மட்டும் உடனே வந்து நின்றது.
மற்றவற்றை இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

இன்று பின்னேரம் அட்டைக்கட்டை நான் அடுக்கிவைத்தேன்.
களவு என்றால் களவுதான்.
கட்டை ஐந்து காட்டியது.
லிப்ட் பொத்தான் சந்தை இரைச்சலுக்குள்ளால் நகர்ந்து
நீலத்தில் போய் நின்றது.
அட்டையை எடுத்தேன்.
மொங்கோலியாவின் தலைநகர் எது?
தமிழில் ஒருக்கால். சிங்களத்தில் ஒருக்கால்.
பிறகு, யாரும் கேட்காமலே, மறுபடியும் தமிழில்.

அவர் வாய் திறந்தது.
பிறகு என்னைப் பார்த்தார்.
பதினெட்டு வருசம்
இந்தக் கொழும்பின் லிப்டுகளுக்குள் நின்று
சத்தத்தை வைத்தே
எந்தக் கம்பி தளர்ந்தது என்று சொல்கிறவர்.
என் குரலில் என்ன கேட்டதோ,
"தெரியாது" என்றார்.

அண்ணாமார் முண்டியடித்தார்கள்.
ஒருவர் தாஷ்கண்ட். மற்றவர் இன்னுமொரு ஸ்தானைத் தேடினார்.
மருமகள் யதுசா மடிக்குள் போனை மறைத்துப் பிடிபட,
வழக்கு, கூச்சல், நிலந்திக்காவின் கைதட்டல்.
பிறகுதான் ரயில் வந்தது.
காய்கள் நகர்ந்தன.
யாருடைய முறை என்பது எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

பதினொன்றரைக்குக் குசினியில்
நான் கோப்பை கழுவ அவர் துடைத்தார்.
கடைசிக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து,
கறை தேடுகிற மாதிரி,
"உலான்பாத்தர்" என்றார்.
அடுக்கில் கவிழ்த்து வைத்தார்.

சட்டைப்பையில் பொத்தான் துருத்திக்கொண்டிருந்தது.

"கேள்வி வாசிக்கேக்க
உமக்கேன் குரல் நடுங்கினது?"

"ரயில்" என்றேன்.