ஈரப் பொட்டலம்

வின்னிபெக். ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எனக்கு வியர்க்கிறது,
முகக்கவசத்துக்குள், இரட்டைக் கையுறைக்குள்.

மேலிருந்து வண்டி வருகிறது, மூடிபோட்டு.
யாருடைய இடுப்பு என்று தெரியாது.
தட்டு எண் மட்டும், நாற்பத்தேழு உருப்படி.
கத்திரியை விரியத் திறந்து வைக்க வேண்டும்,
மூடிய கத்திரி பொய் சொல்லும்.
ஆணி இறுகும் இடுக்கில்தான்
ரத்தம் ஒளிந்திருக்கும், தேநீர்க் கறை மாதிரி.
உறிஞ்சுகுழாய்க்கு அதன் அளவுக்கே பிரஷ்;
மெலிந்தால் தொடாது, தடித்தால் நுழையாது.
தண்ணீருக்கு அடியில் வைத்துத்தான் தேய்க்கணும்.
மேலே தூக்கினால் தெறிக்கும்.

"ஆஸ்பத்திரியில என்ன வேலை?" என்று
ஒரு பிறந்தநாள் விருந்தில் கேட்டார்கள்.
பத்துப்பாத்திரம் தேய்க்கிறேன் என்றேன்.
சிரித்தார்கள். நானும்.
கேட்டவர் கையிலிருந்த கரண்டியில்
கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு கோடு.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மரிசெல்.
சுவரே ஓர் இயந்திரம்:
இங்கே அழுக்காய் நுழைவது அங்கே கழுவித் திறக்கும்.
நாங்கள் அப்படிக் கடக்க முடியாது.
நாள் முழுக்கக் கண்ணாடி வழியே கைஜாடை.
விளக்கு வைத்த பூதக்கண்ணாடியின் கீழ்
ஒவ்வொன்றாய்த் திருப்புவாள்.
சிலநாள் ஒன்றைத் திருப்பி அனுப்புவாள்,
நொய்யரிசி அளவு எலும்புத் தூள்.
கோபம் வரும். பிறகு வராது.

நேற்று நான் அந்தப் பக்கம்.
நீராவி அடங்கியபின் கதவைத் திறந்தேன்.
ஒட்டுநாடாவின் கோடுகள் கறுத்திருந்தன.
வெப்பம் சரி, நேரம் சரி.
நீல உறையின் ஒரு மூலையில் மட்டும்
நாணயம் அளவு ஈரம்.

போன். மேலே டாக்டர் கோவல்சக்.
"இடுப்பு செட் எங்கே?"
ஈரம், என்றேன்.
"எவ்வளவு ஈரம்?"
ஈரம், என்றேன் மறுபடி.
அவர் மூச்சு மட்டும் கேட்டது.

அப்போது பார்த்து ஞாபகம் வந்தார்கள்,
என் அம்மா கழுவிக் கவிழ்த்த சொம்பைத்
தண்ணீர் தெளித்து எடுத்துப்போனவர்கள்.
ஒரு துளி போதும், தீட்டுப் போய்விடும் அவர்களுக்கு.
இங்கே அந்த ஒரு துளிதான் குற்றவாளி.
உறை நனைந்தால் வெளியே இருப்பது
வழி கேட்காமல் உள்ளே போகும்.

பிரித்தேன். புது உறை, புது நாடா,
கனமான தட்டை இரண்டாய்ப் பிரித்து அடுக்கினேன்.
அறுவை இரண்டரை மணி நேரம் தள்ளிப்போனது.
யாரோ ஒருவர் வெறும் வயிற்றோடு
இன்னும் கொஞ்சம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.
என்னைத் திட்டியிருந்தால் நியாயம்தான்.

இரண்டாம் முறை காய்ந்து வந்தது.
ஆறும்வரை தொடவில்லை.
பதிவேட்டில் தேதி, சுற்று எண், காரணம்,
என் பெயரின் இரண்டு எழுத்து.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது
மப்ளரில் என் மூச்சுப் பட்ட இடம் நனைந்திருந்தது.
கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன்.
அதற்குள் உறைந்திருந்தது.