கம்பி

பெருவிரலடியில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு புண்.
செருப்பில் ஏறிய ஆணி
முறிகண்டியிலிருந்து மூன்று நாள்
என்னோடு நடந்திருக்கிறது.
சலரோகம் எப்போதோ
பாதத்தைச் சொல்லாமல் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
டொக்டர் மெல்லிய கம்பியொன்றைப் புண்ணுக்குள் விட்டார்,
சரிவாக, அவசரமில்லாமல்.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
பதினொரு வருசம் முழங்காலில் இருந்து
நான் மண்ணைக் குத்தியதும் இப்படித்தான்.
வெறும் மண் வழிவிடும்.
மற்றதென்றால்
மணிக்கட்டுவரை ஒரு 'டக்'.

டக்.

அவர் "எலும்பு" என்று சொல்ல முன்னமே
என் கை உயர்ந்துவிட்டது,
எல்லாரும் நில்லுங்கோ என்று.
மிசி சிரித்தா. நான் சிரிக்கவில்லை.

செத்த சதைக்கும் மிச்சத்துக்கும் நடுவே
ஊதாப் பேனையால் கோடு கீறினார்.
நாங்களென்றால் சிவப்புக் கட்டை நடுவோம்.
"இரத்தம் வருமட்டும் வெட்டுவம்,
வந்தால் நிப்பாட்டுவம்."
வந்தது, விரல் போன பிறகு.
எத்தனை மிதிவெடி தாண்டிய விரல்,
ஒரு செருப்பாணிக்கு!

பிறகு தொடையில் தோல் சீவிக்
குழியில் பரப்பினார்கள்.
தொடைதான் நொந்தது. கால் பேசாமல் கிடந்தது.
ஐந்தாம் நாள் கட்டவிழ்த்து
"பிடிச்சிட்டுது, யோகறஞ்சினி அக்கா" என்றா மிசி,
நாற்று நட்டவள்போல
விளிம்பு விளிம்பாய்ப் பார்த்து.

துப்புரவாக்கிய காணியை ஒப்படைக்கிற நாளில்
சொந்தக்காரர் பார்க்க
நாங்கள்தான் முதலில் மிதித்து நடப்போம்.
கையெழுத்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை மட்டும்
ஆறு கிழமைக்கு
நிலத்தில் வைக்கக் கூடாதாம்.